பள்ளி என்றால் பள்ளிதான்

கேரளத்தின் பள்ளி விளையாட்டு விதிகளைப் போல நேர்மையானவை உலகில் இல்லை. 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த மாநில விழாவையே பாருங்கள். அரசு செலவில் விடுதியும் பயிற்சியாளர்களும் உள்ள திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு, தடகளத்தில் மற்ற பள்ளிகளோடு சேர்த்து எண்ணி இரண்டாம் இடம் கொடுத்தார்கள். பெயரிலேயே ‘பள்ளி’ இருக்கிறதே, அப்புறம் என்ன?

இந்த எளிய தமிழ் புரியாமல் திருநாவாய் நாவாமுகுந்தா, கோதமங்கலம் மார் பேசில் பள்ளிக்காரர்கள் நிறைவு விழாவில் கூச்சல் போட்டார்கள். இரண்டு பள்ளிகளுக்கும் அடுத்த விழாவில் இடமில்லை என்றது அரசு. கூச்சல் போட்ட பன்னிரண்டாம் வகுப்புக்காரன் அடுத்த ஆண்டு பள்ளியிலேயே இருக்க மாட்டான். வீட்டில் தேமே என்று கிடந்த எட்டாம் வகுப்புப் பையன் தண்டனையை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். அஞ்சலோட்டம் என்றால் இதுவல்லவா! (பிறகு பள்ளிகள் வருத்தம் தெரிவிக்க, தடையை நீக்கிவிட்டார்கள். கோல் பாதியிலேயே நழுவிவிட்டது.)

மலைமேல் இருக்கும் எங்கள் காந்தலூருக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் காசைக் கொட்டித் தேடும் மலைக்காற்றை இங்கே பொடியன்கள் ஓசியில் இழுக்கிறார்கள். விடிந்ததும் பூண்டு மூட்டையைத் தலையில் வைத்துப் படிக்கட்டு வயலில் ஏறுகிறார்கள். சமவெளிப் பிள்ளைகள் பாவமில்லையா? இவர்கள் மூட்டையை இறக்காமல்தான் ஓட வேண்டும் என்று விதி போடலாம்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். மூட்டையை இறக்காமலே யோசித்தான்.

“ஓடுறேன் மாமா. அப்படியே அந்த ஜி.வி.ராஜாவுல சேர ஒரு மனு எழுதிக் குடுங்க.”