அரைப்பேர்க் கணக்கு
சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களுக்கும் கடந்தகால வினாத்தாள் புத்தகம் வந்துவிடும். சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை, கணித டியூஷன் என்றால் ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டும். 2021இல் 1,000 ரூபாயான தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது, அதிகரிப்பு நூற்றுக்கு எத்தனை வீதம்? 35 என்று பிள்ளை பட்டென்று சொல்லிவிடும். அடுத்ததுதான் சிக்கல். அம்மா எடுத்த கொழுந்து 20 கிலோ. தண்ணீருக்கும் சாக்குக்கும் கழித்து எழுதியது 17. எடுக்க வேண்டியது 18. முழுநாள் சம்பளம் என்றால் ஒரு பேர்; கிடைப்பது எத்தனை பேர்? "அரைப்பேர்," என்கிறாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. பரீட்சையில் படிமுறைக்கும் புள்ளி உண்டு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் விடை மட்டும்தான். பரீட்சைத் திணைக்களம் அங்கேயும் ஒருநாள் மேற்பார்வையாளரை அனுப்பிப் பார்க்கட்டும்.