போசிக்கு முன்னால சித்த உக்காரு, அம்முணி

ஆசையான சாமானையெல்லாம் ஒண்ணொண்ணாப் படமா வரைஞ்சு, ஒரே அளவுல சட்டம் போட்டு, ஊட்டுச் செவுத்துல வரிசையா மாட்டப் போறயாமா. உங்கொப்பன் சொன்னான். நல்ல ரோசனை அம்முணி. உங்கப்பத்தா அதைக் கேட்டுட்டு, "செவுத்துல அத்தன எடம் இருந்தா ரெண்டு பலகையடிச்சு நெசச் சாமானையே வெக்கலாமல்லோ"ன்னா. அவளுக்குக் கலை தெரியாது, உடு. நானாச்சும் பள்ளிக்கோடத்துல டிராயிங் வாத்தியாரா இருந்தவன். அட்டவணையில டிராயிங் பீரியடுன்னு போட்டிருக்கும். பாதி நாளைக்குக் கணக்கு வாத்தியாரு வந்து "போர்சன் முடியல சார்"ன்னு புடுங்கிக்குவாரு. மிச்ச நேரத்துல நான் சொல்லிக் குடுத்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை உனக்கும் சொல்றன். புடிச்சாக் கேளு, புடிக்காட்டி யூட்டியூப்பு இருக்குது.

மொதக் காரியமா கடைக்குப் போயிருப்பே. போவாம இருப்பயா? 48 கலரு டியூப்பு, மூணு காலு ஸ்டேண்டு, அணில் மசுரு பிரஷ்ஷு ஒரு செட்டு, மேல கட்டிக்க ஒரு ஏப்ரன். ரொம்ப நல்லது. ஏப்ரனைக் கட்டிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கோ. பாதிப் பேருக்கு அதோட மனசு நெறஞ்சுபோவுது, வரையற தொந்தரவே இல்ல. அதுக்கு மேலயும் வரையோணும்னு அடம் புடிச்சீன்னா, 48ல 44ஐ எடுத்து அட்டாலி மேல போட்டுரு. வெள்ளை, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமெரைன் நீலம். இந்த நாலு போதும் நம்மூட்டுச் சாமானுக்கு. நீலத்தையும் சியன்னாவையும் கலந்து பாரு, ஒரு இருட்டு வரும். நம்ம சமையக்கட்டு மூலையில இருக்கறது அந்த இருட்டுத்தான். கறுப்பு டியூப்போட மூடியத் தொறக்கவே தொறக்காதே. நெழலுன்னாக் கறுப்புன்னு சொல்றவன் ஒரு நாளும் நெழலைப் பாத்திருக்க மாட்டான்.

செரி, எந்தச் சாமானை வரையறது? இங்கதான் உன்ற சாமர்த்தியத்தை நான் மெச்சோணும். ஆன்லைன்ல ஒரு லாந்தலு வாங்குனயாமா. புதுத் தகரத்துல துருப் புடிச்சாப்பல பெயிண்டு அடிச்ச லாந்தலு. பழசாத் தெரியறதுக்குத் தனியாக் காசு. நம்மூட்டுல நெசமாலுமே ஒரு பழைய லாந்தலு இருந்துச்சு. உங்கொப்பன் அட்டாலிய ஒழிச்சப்போ அதைப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டு பிளாஸ்டிக் கொடம் வாங்கீட்டான். அது உருகிக் கம்பியாகி இந்நேரம் ஆரூட்டுச் சன்னல்லயோ நின்னுட்டிருக்கும். அப்பன் எடைக்குப் போட்டதை மக பணங்கட்டி வாங்கறா. கொரியர்ல வந்து மூணு நாளு ஆகல, அதுக்குள்ள அது "பிரியமான பொருள்" ஆயிப்போச்சு. உங்களாட்டம் சுறுசுறுப்பா எங்களுக்குப் பிரியம் வந்ததில்ல சாமி.

எதுக்கும் ஒருக்கா ஊட்டுக்குள்ளயும் தேடிப் பாரு. உங்கப்பத்தா காட்டுக்குச் சோறு கொண்டாந்த தூக்குப்போசி இருக்குது. ஒருபக்கம் ஒடுங்கிக் கெடக்கும். எப்படி ஒடுங்குச்சுன்னு அவகிட்டக் கேக்காதே, அதுல என்ற பேரு வரும். எங்காத்தாளோட வெத்தலைப் பொட்டி இருக்குது. நெல்லளந்த படியும் வல்லமும் இருக்குது. மொய்யா வந்த எவர்சில்வர் குண்டா ஒண்ணு, விளிம்புல பேரு வெட்டுனது. அந்தப் பேருக்காரரோட நமக்குப் பேச்சுவார்த்தை நின்னு எத்தனையோ வருசமாச்சு. குண்டா மட்டும் தெனமும் அடுப்புல ஏறுது. இதையெல்லாம் வரையறதுக்கு உனக்கு வெக்கமாத்தான் இருக்கும். போயும் போயும் போசியான்னு சேக்காளிக கேப்பாங்கல்லோ.

அந்த வெக்கம் புதுசில்ல. 1667ல பிரான்சு தேசத்துல ஃபெலிபியன்னு ஒருத்தரு படம் வரையறவங்களை மேல கீழன்னு வரிசை போட்டு வெச்சாரு. சாமி கதையும் ராசா கதையும் வரையறவன் உச்சாணியில. மனுச மூஞ்சி வரையறவன் அதுக்குக் கீழ. பழமும் பூவும் வரையறவன் கடைசிப் படி. மேல கீழ பிரிச்சு உக்கார வெக்கறதுல அவியளும் நமக்குச் சளைச்சவிய இல்ல பாரு. ஷார்தேன்னு ஒரு தச்சன் மகன், 1728ல அந்தூரு ஓவிய அகாடமிக்குள்ள நொழைஞ்சவரு, கடைசிப் படியிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. அவரு வரைஞ்சதுல ஒண்ணு, கீழ குழாய் வெச்ச ஒரு செம்பு அண்டா. சமையக்கட்டுல தண்ணி ரொப்பி வெக்கற அண்டா. இன்னைக்கு அது லூவர் மியூசியத்துல தொங்குது. நம்மூட்டு அண்டாவுக்கு அந்த யோகமில்ல, அது பொடக்காளியில மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டுருக்குது.

உனக்கு நான் முக்கியமாச் சொல்லோணும்னு நெனைச்சது இன்னொருத்தரை. இத்தாலியில பொலோனியான்னு ஒரு ஊரு. அங்க ஜார்ஜோ மொராண்டின்னு ஒரு மனுசன், 1890ல பொறந்து 1964ல போய்ச் சேந்தாரு. கண்ணாலம் கட்டல. கூடப் பொறந்த பொண்ணுக மூணு பேரு, அவியளோட ஒரே ஊட்டுல இருந்தாரு. அவரு படுக்கற ரூமும் வரையற ரூமும் ஒண்ணுதான். அந்த ரூமு நெறைய என்னன்னு நெனைக்கறே? பாட்டலு, ஜாடி, கிண்ணி, தகர டப்பா, காப்பிச் சட்டி. நம்ம ஊருல வீதியில சத்தம் போட்டுட்டு வாரவன் பாத்தா ரெண்டு தராசு கொண்டாந்திருப்பான். மொராண்டி அதை வெச்சுட்டு ஆயிரத்துச் சொச்சம் படம் வரைஞ்சாரு. அத்தனைக்கும் ஏறக்கொறைய ஒரே தலைப்பு, ஸ்டில் லைஃப்புன்னு. தலைப்பு யோசிக்கற நேரங்கூட அந்த மனுசன் வீணாக்கல. நீ தலைப்பெல்லாம் முடிவு பண்ணீட்டீன்னு கேள்விப்பட்டன். படந்தான் பாக்கியாமா.

சாமானு மேல தூசி படிஞ்சாத் தொடைக்க மாட்டாரு. அப்படியே படிய உட்டு, அந்தத் தூசியோடவே வரைவாரு. பொலோனியாவுல அதைக் கலைன்னு சொன்னாங்க. உங்க ரூமுல இருக்கற தூசியை உங்கம்மா வேற என்னமோ சொல்றா. எதுக்கும் மொராண்டி பேரைச் சொல்லிப் பாரு, ஒரு வாரம் தள்ளும்.

அப்பறம் பாரு, பாட்டலு பளபளன்னு இருந்தா அவருக்கு ஆவாது. லேபிளைக் கிழிச்சுருவாரு, பெயிண்டைப் பூசி மங்க வெச்சுருவாரு. பேரு போச்சு, கம்பெனி போச்சு, உள்ள என்ன இருந்துச்சுங்கறதும் போச்சு. மிச்சம் நிக்கறது உசரமும் குண்டும், வெளிச்சமும் நெழலும். மேசையில காயிதம் விரிச்சு, எந்தப் பாட்டலு எங்க நின்னுச்சுன்னு பென்சில்ல சுத்திக் கோடு போட்டு வெப்பாரு. ஒரு கிண்ணியை ஒரு வெரக்கடை தள்ளி வெச்சா அது அவருக்கு வேற படம். நாம ரயிலேறி மலையைப் பாக்கப் போறம், அவரு கிண்ணியத் தள்ளி வெச்சுட்டு உக்காந்துக்குவாரு. இத்தாலியைத் தாண்டி அவரு மொதமொதல்ல வெளியூரு போனதே 1956லதான், அதுவும் பக்கத்துல இருக்கற ஸ்விட்சர்லாந்துக்கு. அடுத்த வருசம் பிரேசில்ல சாவ் பாவ்லோ ஊரு ஓவியக் கண்காட்சியில பெரிய பரிசை அவருக்குக் குடுத்தாங்க. பாட்டலு ஊட்டை உட்டு நகராமலே பிரேசிலு வரைக்கும் போயிருச்சு.

அந்த மனுசன் ஒரு எடத்துலயும் "இது எங்காத்தா எண்ணெ வெச்சிருந்த பாட்டலு, இதைப் பாத்தாலே எனக்குத் தொண்டை அடைக்குது"ன்னு எழுதி வெக்கல. நீ ஒவ்வொரு படத்துக்கும் கீழ நாலு வரி எழுதப் போறயாமா. அப்பத்தாவின் பாசம், அப்பாருவின் வேர்வை, அந்த மாதிரி. நல்லாத்தான் இருக்கும். வாரவிய அந்த நாலு வரியப் படிப்பாங்க, கண்ணைத் தொடைப்பாங்க, படத்தைப் பாக்காமலே காப்பி குடிக்கப் போயிருவாங்க. எழுதறதுதான் உன்ற ஆசைன்னா ஒரு நோட்டு வாங்கி எழுது. கலரு காசாச்சும் மிச்சம்.

பாசமே கூடாதுன்னு நான் சொல்லல. வான்கா இருக்காரே, அவரு 1888ல ஆர்ல்ஸ் ஊருல தன்ற நாற்காலியை வரைஞ்சாரு. வைக்கோலாட்டம் பின்னுன உக்காரு பலகை, அது மேல சுங்கானும் பொகையெலையும். பொறத்தால ஒரு பொட்டியில மொளைச்ச வெங்காயம், அந்தப் பொட்டி மேலதான் தன்ற பேரை எழுதீட்டாரு. அதே சமயத்துல கூடத் தங்கியிருந்த கோகன்னு இன்னொரு ஓவியரோட நாற்காலியையும் தனியா வரைஞ்சாரு. ரெண்டுலயும் ஆளில்ல. ஆனாப் பாத்தவிய அல்லாரும் உக்காந்திருந்த ஆளைப் பத்தித்தான் பேசறாங்க. நாற்காலிக் காலு எங்க வளைஞ்சிருக்குதுன்னு அவரு அத்தனை கூர்ந்து பாத்திருக்காரு. உனக்கும் பாசம் இருக்குதுன்னா போசியோட ஒடுக்கு எந்தப் பக்கம், எத்தனை ஆழம், அதுக்குள்ள வெளிச்சம் எப்படி உக்காருதுன்னு பாரு. அழுவாச்சியெல்லாம் பொறவு வெச்சுக்கலாம்.

வரையறப்போ எங்க கையி தப்பும்னு சொல்றன், என்ற வகுப்புல வருசா வருசம் பாத்தது. லோயர், ஹையர் பரீட்சைக்கு மாடல் டிராயிங்குன்னு ஒண்ணு உண்டு. வாளியும் பொட்டியும் முன்னால வெச்சுருவம். பையன் வாளியோட வாயை முட்டை மாதிரி வளைச்சு அழகாப் போடுவான், அடியை மட்டும் அளவுகோலு வெச்சு நேர்கோடு இழுத்துருவான். ஏன்டான்னா, "வாளி தரையில நிக்குதுங் சார், தரை நேராத்தானே இருக்குது"ம்பான். வாயி கண்ணுக்கு நேரா இருந்தா அது வெறும் கோடு. கண்ணுக்குக் கீழ எறங்க எறங்க அந்த வட்டம் விரியும். அப்போ வாயை உடக் கீழ இருக்கற அடிதான எச்சா வளையோணும்? உன்ற போசி படத்துல நிக்குதா, காத்துல மெதக்குதாங்கறது அந்த அடிக்கோட்டுலதான் இருக்குது.

பித்தளைக்குத் தங்கக் கலரு தேடாதே. பித்தளையில பாதிக்கு மேல பழுப்பும் பச்சை கலந்த இருட்டும்தான், மினுக்கறது ஒரு நகக்கண்ணு அளவு. அந்த எடத்தைக் கடைசியா ஒரே தொடுவுல வெச்சுட்டு எந்திரிச்சுரு. எது இருட்டு, எது வெளிச்சம்னு கொழப்பமா இருந்தாக் கண்ணைப் பாதி மூடிப் பாரு. கடன்காரன் வந்தா நான் பாக்கற மாதிரி. சின்னச் சின்ன வெவரமெல்லாம் மறைஞ்சு பெரிய பெரிய திட்டு மட்டும் நிக்கும், அதை மொதல்ல போட்டுரு. டியூப்லைட்டு, தலைக்கு மேல பல்பு, எல்லாத்தையும் அணைச்சுரு. ஒருபக்கச் சன்னலு போதும்.

வரிசைங்கறே, பன்னெண்டு சாமானுக்குப் பன்னெண்டு படம்ங்கறே. பன்னெண்டு ஒறம்பரைய ஒரே நாள்ல பாத்துட்டு வந்தா ஆரு மூஞ்சி ஞாபகம் இருக்கும்? மூணே சாமானை எடு. போசி, வெத்தலைப் பொட்டி, படி. அதையே எடம் மாத்தி எடம் மாத்தி வரை. மொதப் படத்துல நீ வரையறது உன்ற மனசுல இருக்கற போசி. நாலாவதுலயோ அஞ்சாவதுலயோதான் மேசை மேல இருக்கற போசி வரும். அதுக்குள்ள உனக்குச் சலிச்சுரும்னு எனக்குத் தெரியும். சலிச்சுட்டா விக்கப் பாரு.

விக்கறதுக்கும் ஒரு கதை இருக்குது. மானேன்னு பாரிசுக்காரரு 1880ல ஒரு கட்டு ஆஸ்பரகஸை வரைஞ்சாரு, நம்ம தண்ணிவிட்டான் கெழங்குக்குப் பங்காளி அந்தத் தண்டு. வெலை 800 பிராங்குன்னாரு. வாங்குன எப்ருஸி பெரிய மனசுக்காரரு, ஆயிரமாக் குடுத்தாரு. மானே சும்மா இருக்கல. ஒரே ஒரு தண்டைச் சின்னதா வரைஞ்சு, கட்டுல ஒண்ணு கொறைஞ்சு போச்சுன்னு சீட்டெழுதி அனுப்பி வெச்சாரு. உன்ற படத்தை எச்சாக் காசு குடுத்து ஆராச்சும் வாங்குனா அது மொதல்ல சொந்தக்காரங்களாத்தான் இருக்கும். அவியளுக்குத் தண்டெல்லாம் அனுப்ப வேண்டாம், வாங்குன கடனைத் திருப்பிக் குடுத்தாப் போதும்.

கடைசியா ஒண்ணு. தூக்குப்போசியைப் பார்சல்ல தாட்டி உடச் சொன்னயாமா. உட மாட்டன். வேணும்னா நீ இங்க வந்து வரைஞ்சுக்கோ. வெள்ளைக்காரன் பொஸ்தகத்துல வடக்குப் பாத்த சன்னலுதான் ஒசத்தி, நாளு பூராவும் வெளிச்சம் மாறாதுன்னு போட்டிருக்கும். அது அவனூருக்குச் செரி. நம்மூருல சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் சூரியன் வடக்க சாஞ்சுக்குவான், வடக்குச் சன்னல்லயே வெய்யிலு எட்டிப் பாக்கும். புரட்டாசி பொறந்துட்டா அந்தத் தொல்லை இல்ல, தை வரைக்கும் ஒரே வெளிச்சமா நிக்கும். அதனால புரட்டாசியில வா. வாரதுக்கு ரெண்டு நாளு முன்னால போன் பண்ணீரு. படம் வரையறாங்கன்னு தெரிஞ்சா உங்கப்பத்தா போசியப் புளி போட்டு வெளக்கிப் பளபளன்னு ஆக்கிருவா; அதுக்குள்ள நான் எடுத்து ஒளிச்சு வெக்கோணும். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லீர்றன்: புரட்டாசியில நம்மூட்டுல கறிச்சோறு கெடையாது.