ஐந்திணையும் மூன்று கட்டை லைட்டும்

கும்மிக்கு முனைவர் பட்டம் வாங்கியாயிற்று, கோலத்துக்கு வாங்கியாயிற்று, சேவற்சண்டைக்கும் யாராவது பதிவு செய்திருப்பார்கள். மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், பேரையூர் வட்டாரத்தில், கரண்ட் போனதும் எல்லா வீட்டிலும் தேடப்படும் பேட்டரி லைட்டை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முனைகிறது. முனைகிறது என்றால் நீக்கும் என்று பொருளல்ல. ஆய்வுக் கட்டுரைகளில் அது தப்பித்துக்கொள்ளும் சொல்.

முதலில் தோற்றம். முறைப்படி, சங்க காலத்திலேயே தமிழன் லைட் அடித்தான் என்றுதான் தொடங்க வேண்டும். மின்மினிக்கு ஒரு மேற்கோள் தேடிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு காப்புரிமைப் பத்திரம் குறுக்கே நிற்கிறது: நியூயார்க்கில் இருந்த டேவிட் மிஸெல் என்ற ஆங்கிலேயர் 1899 ஜனவரியில் குழாய் வடிவக் கைவிளக்குக்கு அதை வாங்கிவிட்டார். உள்ளே போடும் கட்டை அதைவிட மூத்தது. பிரான்சின் லெக்லான்ஷே 1866இல் செய்த ஈரக் கலத்தை ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் 1880களில் உலர்கலம் ஆக்கினார். இந்தியாவில் எவரெடிக்குக் கல்கத்தாவில் 1939இலும் சென்னையில் 1952இலும் பேட்டரி ஆலை வந்தது. லக்னோவில் 1958இல் டார்ச் ஆலை. 1984இல் போபாலில் விஷவாயு கசிந்த ஆலையை நடத்திய யூனியன் கார்பைடு இந்தியாதான் எவரெடி கட்டையையும் விற்றுக்கொண்டிருந்தது என்பது, அந்த வருஷம் கட்டை மாற்றியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அடுத்து கோட்பாடு. அது இல்லாமல் ஆய்வேடு கட்டினால் புறத்தேர்வாளர் கோபித்துக்கொள்வார். வேறு எதுவும் கைக்கு அகப்படாதபோது ஐந்திணை அகப்படும். எதை வேண்டுமானாலும் அதில் முக்கி எடுக்கலாம்.

குறிஞ்சிக்குச் சதுரகிரி. சாப்டூர் காட்டுக்குள் இருக்கும் சுந்தர மகாலிங்கம் கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமிக்குக் கூட்டம் ஏறும். முன்பெல்லாம் இரவிலும் ஏறுவார்கள், மேலேயே தங்குவார்கள். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போனவர்களில் பலர் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். இப்போது இரவு தங்க வனத்துறை விடுவதில்லை.

மலையில் மாட்டிக்கொண்டவர் லைட்டை வைத்து உதவி கேட்க ஒரு முறை உண்டு. ஆல்ப்ஸ் மலையேறிகள் 1894இல் வகுத்தது. நிமிடத்துக்கு 6 தடவை அடிக்க வேண்டும், ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், மறுபடி 6. பார்த்தவர் நிமிடத்துக்கு 3 தடவை பதில் அடிப்பார். இன்னொன்று எஸ்ஓஎஸ். யாப்பு தெரிந்தவர்களுக்கு அது எளிது: மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். 1906இல் பெர்லின் மாநாடு ஏற்று, 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஒன்பது அசையை எந்தச் சீரில் அடக்குவது, தளை தட்டுகிறதா இல்லையா என்று நம் மரபுப் புலவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பதற்குள், மலையில் சிக்கியவர் தானே நடந்து இறங்கி, டீ குடித்து, பஸ் ஏறியிருப்பார்.

முல்லை: அடிவாரக் கொல்லைகளில் காட்டுப்பன்றி விரட்டும் ஐந்து கட்டை லைட். வெளிச்சத்துக்குப் பன்றி ஓடும் என்பது ஒரு சாரார் கருத்து. பன்றியின் கருத்து பதிவாகவில்லை.

நெய்தல்: பேரையூரில் கடல் இல்லை. ஆனாலும் ஆய்வேட்டில் இயல் ஐந்து இருக்க வேண்டும்.

மருதத்தில் இரண்டு லைட். ஒன்று, நடுராத்திரியில் மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போகிறவர் கையில் இருப்பது. வரப்பில் கட்டுவிரியன் நடமாடுவதும் அதே நேரம்தான். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் தமிழ்நாடு சேர்த்தது 2024 நவம்பரில். விவசாயி தன் பட்டியலில் லைட்டைச் சேர்த்தது அதற்கு ரொம்ப முன்னால். மற்றது, விடியுமுன் மல்லிகை பறிக்கிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் லைட். மொட்டு விரியும் முன் பறித்தால்தான் விலை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெற்றி லைட்டுக்கு ஒரு அடிக்குறிப்புகூடக் கிடைக்கவில்லை.

இனி பாலை. ஆய்வாளர் சட்டையை மடித்துவிட்டுக்கொள்ளும் இடம் இதுதான்.

பாலைக்குரிய பெரும்பொழுது 2012. அந்த வருஷம் சென்னைக்குத் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. மதுரைப் பக்கம் பல நாள் பாதி நாளைத் தாண்டியது. சிறுபொழுது, சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஊற்றும் நேரம். கருப்பொருள் கொசு. உரிப்பொருள், தேடலும் தேடல் நிமித்தமும். “அந்த லைட்ட எங்க வச்ச?” என்று வீட்டுக்காரர் கேட்பார். “நேத்து ராத்திரி நீங்கதான எடுத்துட்டுப் போனீங்க” என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். ஒருவழியாக லைட் கிடைக்கும். எரியாது. தமிழாய்வு இதுவரை கைவைக்காத ‘தட்டல்’ அங்கே தொடங்குகிறது.

தட்டல் மூவகைப்படும்: உள்ளங்கைத் தட்டல், தொடைத் தட்டல், சுவர்த் தட்டல். உள்ளங்கைத் தட்டலே தலையாயது என்பர் (இருட்டியல், தட்டற்படலம், 4). தொடைத் தட்டல் தனிவகை அன்று, உள்ளங்கையின் திரிபே என்பாரும் உளர் (இருட்டியல் மறுப்பு, டீக்கடைப் பதிப்பு, டம்ளர் கறை படிந்த பக்கம்). இருவரையும் மறுத்து, சுவரில் தட்டி லைட்டின் தலையை உடைத்துக்கொண்டவர் எழுதிய ‘இருட்டியல் மறுப்பு மறுப்பு’ அச்சேறவில்லை. அதன் கையெழுத்துப்படியைப் பார்த்ததாகச் சொல்பவருக்குக் கண்ணில் புரை, அவர் பார்த்ததும் மின்வெட்டு நேரத்தில் (காண்க: மேலது, அடிக்குறிப்பு 17இன் அடிக்குறிப்பு, எலி தின்றதுபோக எஞ்சிய பகுதி, ஒப்பிடுக: எலி).

தட்டினால் ஏன் எரிகிறது? கட்டையின் அடியிலும் ஸ்பிரிங்கிலும் சுவிட்ச் தகட்டிலும் துருவும் களிம்பும் படியும். மூன்று கட்டை சேர்ந்தாலும் மொத்தம் 4.5 வோல்ட்தான், அதில் அழுக்கு கொஞ்சம் மறித்தாலும் பல்பு மங்கிவிடும். தட்டும்போது உலோகத்தோடு உலோகம் உரசி எங்காவது ஒரு புள்ளியில் சுத்தமாகத் தொட்டுக்கொள்ளும். உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் தட்டவே வேண்டாம். இதை எட்டாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். அதனால்தான் அவனைக் கருத்தரங்கத்துக்குக் கூப்பிடுவதில்லை.

தட்டல் முகாமுக்கு எதிரி வெயில் முகாம். அவர்கள் செத்த கட்டையை மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயவைப்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. கட்டை தொடர்ந்து எரிந்தால் உள்ளே வேதிவினையின் கழிவு நடுக் கரிக்குச்சியைச் சுற்றித் தேங்கி, வோல்ட் இறங்கும். ஓய்வும் சூடும் கிடைத்தால் அது கலைந்து கொஞ்ச நேரம் உயிர் வரும். கரைந்துபோன துத்தநாகம் வெயிலில் வளராது. சூடு மிஞ்சினால் கட்டை கசிந்து லைட்டையே அரிக்கும்.

இரு முகாமையும் சமாதானப்படுத்த இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கம் கூட்டலாம். பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ், மதியச் சாப்பாடு, ஐஎஸ்பிஎன் எண் போட்ட தொகுப்பு எல்லாம் உண்டு. அந்தத் தொகுப்பைப் படிப்பவர் கட்டணம் கட்டினாலும் கிடைக்கமாட்டார். வாழ்த்துரைக்கு நடுவில் கரண்ட் போனால் மேடை மொத்தமும் செல்போனை எடுக்கும்.

புறத்திணை ஒன்றும் உண்டு: 2019 தேர்தலில் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யத்துக்கு டார்ச் லைட் சின்னம் கிடைத்தது. மேல் ஆய்வு அரசியல் துறையினருடையது.

பேட்டரி லைட்டை அலமாரிக்கு அனுப்பியது செல்போன்தான். 2003இல் வந்த நோக்கியா 1100இன் உச்சியில் ஒரு சிறு லைட் இருந்தது. அந்தப் போன் உலகெங்கும் 25 கோடி விற்றதற்கு அந்த லைட்டுக்கும் பங்குண்டு. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கணைத்து, அகலோ டார்ச்சோ செல்போனோ காட்டச் சொன்னார் பிரதமர். நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் இறங்கியது, கிரிட் தாங்கிக்கொண்டது.

புயலுக்குப் பிந்தைய மூன்றாம் நாளில் கதை வேறு. செல்போனில் வெளிச்சம் அடித்தே சார்ஜ் தீர்ந்தால், மாவட்டப் பேரிடர் எண்ணான 1077க்குக் கூப்பிட முடியாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவசரப் பையில் டார்ச்சும் கூடுதல் பேட்டரியும் வைக்கச் சொல்வது இதற்குத்தான்.

எனவே, இன்று ராத்திரி உங்கள் வீட்டு லைட்டை ஒருதடவை அடித்துப் பாருங்கள். எரியாவிட்டால் தட்டாதீர்கள். ஸ்பிரிங்கைத் தேய்த்து, புதுக் கட்டை போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் மாட்டிவிடுங்கள்.