லத்தி போடாத குதிரை

ஏண்டா பேராண்டி, கோயில் பலகை, கட்சித் தட்டி எல்லாம் எழுதிக் கை புளிச்சிடுச்சா? கிண்டியில கப்பு ஜெயிச்ச குதிரையத் தீட்டப் போறியாமே. போன்ல போட்டோ வேற காட்டுற. கல்யாணப் பத்திரிகையப் படிச்சிட்டு ஏப்பம் விடுற கதையால்ல இருக்கு!

நம்ம ஊருக்கும் ரேஸுக்கும் ஒட்டு இல்லன்னு சொல்லல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இணைவேந்தரா இருந்த எம்.ஏ.எம். ராமசாமி, மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குத் தலைவராவும் இருந்தவரு. அவரு குதிரைங்க ஜெயிச்ச கப்பை அடுக்க ஒரு வூடு பத்தாது. ஆனா சிதம்பரத்துல நீ பாத்த குதிரை எது? நிருத்த சபையில தேர் இழுக்குற கல்லுக் குதிரை. அது லத்திகூடப் போடாது.

நானும் குதிரை தீட்டுனவன்தான். தென்னம்பாக்கம் அழகுமுத்து ஐயனார் கோயில் பக்கம் போயிப் பாரு, வேண்டுதலுக்கு வச்ச பொம்மைங்க எத்தினின்னு. அந்த மாதிரி ஐயனார் குதிரைங்களுக்குச் சிவப்பு நாக்கும் முழிச்ச கண்ணும் வச்சே என் வயசு போச்சு. காது கோணலா இருந்தா ஐயனார் ஒண்ணும் கேக்கல. ரேஸ் குதிரைக்கு ட்ரெய்னர்னு ஒருத்தர் இருக்காருடா. அவரு கேப்பாரு.

அதனால போட்டோவ நம்பாம, விடியறதுக்கு முந்தியே கிண்டிக்குப் போ. குதிரைய ஓட்டிப் பழக்குறது அப்பதான். பின்னாடி மட்டும் நிக்காத. நேர் பின்னால நிக்கிற ஆள் அதுக்குத் தெரியாது, ஒதைச்சா உன் பிரஷ் பாண்டிச்சேரியில கெடக்கும். ட்ரெய்னர்கிட்ட கப்பைப் பத்திக் கேக்காத, குதிரையோட காலைப் பத்திக் கேளு. மனுசன் மதியம் வரைக்கும் பேசுவாரு. காதைப் பின்னால மடக்கி ஒட்ட வச்சிருந்தா கோவம்னு அர்த்தம். நீ அழகுக்குன்னு அப்படித் தீட்டி வச்சா, ‘எங் குதிரை யாரைக் கடிக்கப் போவுது?’ம்பாரு. உடம்பு சிவப்பா இருந்து பிடரியும் வாலும் கறுப்பா இருந்தா அது பே. பிடரியும் சிவப்புன்னா செஸ்நட். செஸ்நட்டுக்குக் கறுப்பு வால் வச்சேன்னா, குதிரை பாக்குற சைஸு கூடச் சிரிப்பான்.

குதிரை தீட்டுறவன்ல ஸ்டப்ஸுன்னு ஒரு இங்கிலீசுக்காரன் இருந்தான். நம்ம தேவனாம்பட்டினம் கோட்டைய 1758ல பிரெஞ்சு லாலி வந்து புடிச்சானே, கிட்டத்தட்ட அந்தக் காலம். செத்த குதிரையத் தொங்க விட்டு, தோலு, சதை, எலும்புன்னு உரிச்சு உரிச்சு 18 மாசம் படம் போட்டான். நாத்தம் தாங்க முடிஞ்சிருக்குமா? அது 1766ல புஸ்தகமா வந்துச்சு. உனக்குக் கருவாட்டுக் கடை தாண்டவே மூக்கைப் பொத்தணும்.

வயசானப்புறம் அவனே ஹாம்பிள்டோனியன்ங்கிற குதிரையத் தீட்டுனான். அது 1799ல நியூமார்க்கெட்டுல நடந்த ரேஸ்ல டயமண்டுங்கிற குதிரைய மயிரிழையில ஜெயிச்சது. சாட்டையடி பட்டு ஜெயிச்சது. ஆனா ஓடுற மாதிரியா போட்டான்? ஓடி முடிச்சு, ஓஞ்சு போய் நிக்குது. பக்கத்துல ட்ரெய்னர், துடைச்சு விடுற பையன். சொந்தக்காரப் பிரபு படத்துலயே இல்ல. காசு குடுக்குறவன படத்துல காணோம், காப்பாத்துறவன் நிக்கிறான். அந்தப் பிரபு கூலி குடுக்காம இழுத்தடிச்சான். ஸ்டப்ஸு கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்குனான்.

படம் எப்படி வருதோ, அது உங் கையில இருக்கு. அச்சாரம் மட்டும் பாதிக்குக் குறையாம முன்கூட்டியே வாங்கிடு. வாங்கினதும் பழைய டவுன் பக்கம் வந்து இந்தக் கெழவனுக்கு ரெண்டு கட்டு வெத்தல குடுத்துட்டுப் போ.