வாரத்தின் தலைமாடு எது?

வாரம் என்பது வட்டம். வட்டத்துக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. ஆனாலும் அதைக் கட்டம் போட்டு அச்சிடும்போது ஏதோ ஒரு கிழமையை இடது ஓரத்தில் வைத்தாக வேண்டும். அங்கே தொடங்கியது வழக்கு. அப்படி வைக்கத் தகுந்த கிழமை எது, அதை வைக்கும் அதிகாரம் யாருக்கு என்னும் இரண்டு வினாக்களே இவ்வாராய்ச்சியின் பொருள். இதனால் ஆய பயன் யாதோ எனின், கல்யாண மண்டபத்துக்குத் தவறான தேதியில் முன்பணம் கட்டியவரைக் கேட்டு அறிக.

சிவகாசியில் அச்சாகி, நகைக்கடையும் மளிகைக்கடையும் வருஷம் பிறக்குமுன்பே கொடுத்தனுப்பும் மாதக் காலண்டரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்பு எண்கள். மேலே அச்சிட்டிருக்கும் கிழமைப் பெயரை வீட்டில் யாரும் படிப்பதில்லை. சிவப்பை ஒட்டி இருப்பது திங்கள், வலக்கோடியில் இருப்பது சனி என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அதே விரல் இப்போது கைபேசிக்குப் போகிறது. கைபேசியை வாங்கிக் கொடுத்த மகன் 'ஆங்கிலம் (பிரிட்டன்)' என்று அமைத்துவிட்டுப் போயிருக்கிறான். கட்டங்கள் எல்லாம் ஓசைப்படாமல் ஒரு வீடு இடப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. இடமிருந்து இரண்டாவதைத் திங்கள் என்று நம்பித் தொட்டால், நிச்சயதார்த்தம் செவ்வாய்க்கிழமையில் போய் விழுகிறது. இவ்வகைப் பிழையை 'விரல்வழு' என்று இவ்வாராய்ச்சி பெயரிட்டு வழங்கும்.

இனி நூற்சான்று. திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களை ஞாயிற்றில் தொடங்கிச் சனியில் முடித்து, பிறகு பாம்புகள் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. ஞாயிற்றுக் கட்சிக்கு ஏழாம் நூற்றாண்டிலிருந்து இப்படி ஒரு சாட்சி கையில் இருக்கிறது. அற்றன்று என்பர் திங்கட் கட்சியினர். ராகு காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளப் பாட்டிமார் சொல்லித்தரும் வாய்பாடு திங்கட்கிழமை காலை 7.30-இல் தொடங்கி, சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய் என்று தாவிப் போய், ஞாயிறு மாலை 4.30-இல் வந்து நிற்கிறதே, அது என்ன என்று கேட்பர். அது மணிக்கணக்கில் அடுக்கியது, கிழமைக்கணக்கில் அன்று எனவே சான்றாகாது என மறுக்க. பாட்டிமாரிடம் நேரில் மறுக்க வேண்டா.

மேல்நாட்டார் இவ்வழக்கைக் குழு அமைத்துத் தீர்த்தார்கள். ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டுத் தரப்பாட்டு நிறுவனம் 1988-இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 8601, வாரம் திங்களில் தொடங்கும் என்று ஒரே வரியில் விதித்தது. விதியை மதித்த நாடுகள் மதித்தன. மற்றவை தரப்பாட்டை வரவேற்று அலமாரியில் வைத்துக்கொண்டன.

ஆகவே மென்பொருளாளர் எந்த நாட்டில் எது வழக்கு என்று ஒரு பட்டியல் போட வேண்டியதாயிற்று. யூனிகோட் கூட்டமைப்பு சிஎல்டிஆர் என்ற பெயரில் பராமரிக்கும் தரவுத்தொகுப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், உலாவிகள் எல்லாம் இந்தக் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கின்றன. இதன் அடிப்படை நுட்பமானது: வாரத்தலை மொழியைப் பொறுத்தது அன்று, நாட்டைப் பொறுத்தது. இதனால் தமிழுக்கு நேர்ந்ததைக் காண்க. இந்தியத் தமிழுக்கு வாரம் ஞாயிற்றில் பிறக்கிறது, இலங்கைத் தமிழுக்குத் திங்களில். சிங்கப்பூரில் மறுபடி ஞாயிறு, மலேசியாவில் மறுபடி திங்கள். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலம். தம்பி உட்லண்ட்ஸிலும் அக்காள் ஜொகூர் பாருவிலும் இருந்துகொண்டு ஒரே தமிழில் 'வார ஆரம்பத்தில் பேசுவோம்' என்று சொன்னால், தம்பியின் கைபேசிக்கு அது ஒரு நாள், அக்காளின் கைபேசிக்கு மறுநாள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2014 முதல் 2024 முடியும்வரை ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அதாவது பட்டியல் திங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அரசு அலுவலர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோப்பைப் பிரித்திருந்தார்கள்.

எகிப்து, ஈரான், ஈராக் போன்ற நாடுகளுக்குப் பட்டியலில் சனி தலை. மாலத்தீவு மட்டும் தனியே நின்று வெள்ளி என்கிறது. அங்கே விடுமுறையும் வெள்ளியில் தொடங்குவதால், ஓய்வு எடுத்துக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்கும் நம் ஞாயிற்று மரபின் தத்துவ உறவினர் அவர்கள் என்றே கொள்ளலாம். ஆனால் கூகுள் காலண்டரின் அமைப்பில் சனி, ஞாயிறு, திங்கள் என்ற மூன்றுதான் தேர்வுக்கு வருகின்றன. மாலேயில் இருப்பவர் கூகுளைப் பயன்படுத்தினால் தம் வெள்ளியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

தலை போகட்டும், வால் எங்கே என்று பார்த்தால் வழக்கு இன்னும் முற்றுகிறது. வாரஇறுதி எப்போது தொடங்குகிறது என்பதற்கும் அதே தொகுப்பில் ஒரு வரி உண்டு. இந்தியாவுக்கு அது ஞாயிற்றில் தொடங்கி ஞாயிற்றிலேயே முடிகிறது. அவ்வரியில் நமக்குத் துணை உகாண்டா மட்டும். சனிக்கிழமை விடுமுறை என்று நம்பி வாழும் மென்பொருள் ஊழியர்கள், தாங்கள் எழுதும் மென்பொருளே அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதை அறியாதிருப்பது நல்லது. வங்கிகளின் கதி இன்னும் கொடிது. 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி மூடியிருக்கும், மற்றச் சனிகளில் திறந்திருக்கும். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தில் இதை எப்படி நிரப்புவது? புருணையில் அரசு விடுமுறை வெள்ளியும் ஞாயிறும். நடுவே சனி வேலைநாள். வாரஇறுதிக்கு நடுவில் ஒரு வேலைநாள் இருக்கலாம் என்பது படிவம் வகுத்தவரின் கனவிலும் வந்திருக்காது.

நிரல்மொழிகளுக்குள் புகுந்தால் உட்கட்சிப் பூசல். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஞாயிறு 0. பைத்தானில் திங்கள் 0. அதே பைத்தானில் வேறொரு செயற்கூற்றைக் கூப்பிட்டால் திங்கள் 1. ஜாவாவின் பழைய நாட்காட்டியில் ஞாயிறு 1, புதியதில் திங்கள் 1. இரவில் எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று யூனிக்ஸ் கணினிகளுக்குச் சொல்லும் கிரான் என்னும் நிரலோ, இரு சாராரையும் பகைக்க அஞ்சி, 0 என்றாலும் ஞாயிறு, 7 என்றாலும் ஞாயிறு என்று ஏற்றுக்கொள்கிறது. எக்செல்லில் கிழமை கேட்கும் சூத்திரத்தின் இரண்டாவது இடத்தில் 11 முதல் 17 வரை ஏதேனும் ஓர் எண்ணைப் போட்டால், திங்கள் முதல் ஞாயிறு வரை எந்த நாளுக்கும் முடிசூட்டலாம். இது சமரசமா, சலிப்பா என்பது ஆராயத்தக்கது.

வாரங்களுக்கு எண் இடுவோரிடம் இந்த விளையாட்டு வினையாகிறது. ஜெர்மானியர் தேதி சொல்ல மாட்டார்கள், '14-ஆம் வாரம்' என்பார்கள். அவர்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ விதிப்படி, ஆண்டின் முதல் வியாழக்கிழமையைக் கொண்ட வாரமே முதல் வாரம். நாமோ ஜனவரி 1 எந்த வாரத்தில் விழுந்தாலும் அதையே முதல் வாரம் என்கிறோம். எக்செல்லும் சும்மா விட்டால் அப்படித்தான் எண்ணும். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. நமக்கு அந்த வெள்ளியும் சனியும் சேர்ந்து முதல் வாரம் ஆகிவிடும். ஜெர்மனியில் அவ்விரண்டு நாளும் முந்தைய ஆண்டின் 53-ஆம் வாரத்தில் அடங்கிக் கிடக்கும். எனவே அவர்களின் 14-ஆம் வாரம் ஏப்ரல் 5-இல் தொடங்க, நம் 14-ஆம் வாரம் மார்ச் 28-இலேயே தொடங்கிவிடும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒருவர் எக்செல்லை நம்பி, ஜெர்மானிய வாடிக்கையாளருக்கு ஒரு வாரம் முன்னதாகவே வேலையை முடித்து அனுப்பும் அற்புதம் அந்த ஆண்டில் நிகழ வாய்ப்பு உண்டு. அதைத் திறமை என்று பாராட்டிப் பதவி உயர்வு கொடுப்பார்கள். காரணம் ஜனவரி வெள்ளியில் பிறந்தது என்பதை யாரும் சொல்லப் போவதில்லை.

எதிர்த்திசை விபத்தும் நடந்திருக்கிறது. 2014 டிசம்பர் 29 திங்கட்கிழமை. ஐஎஸ்ஓ கணக்கில் அது 2015-இன் முதல் வாரம். தேதி எழுதும்போது வழக்கமான ஆண்டைக் கேட்க வேண்டிய இடத்தில் 'வாரத்தின் ஆண்டு' எது என்று கேட்டுவிட்டால், கணினி 2015 என்று பதில் சொல்லும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அன்று ட்விட்டரின் ஆண்ட்ராய்டு செயலி ஒரு வருஷம் முன்னே ஓடிப்போய், பயனர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது.

இதுகாறும் கூறியன பிறர் மதம். இனி நம் மதம். கட்டத்தில் எது முதலில் என்று ஊரைக் கேட்பதைவிட, கணினி தன் நாட்களை எந்தக் கிழமையிலிருந்து எண்ணத் தொடங்கியது என்று அதன் ஜாதகத்தைப் பார்ப்பதே முறை. யூனிக்ஸ் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணுகிறது. அன்று வியாழக்கிழமை. இன்று என்ன கிழமை என்று கேட்டால் அது நொடிகளை 86,400-ஆல் வகுத்து நாளாக்கி, அதனோடு 4-ஐக் கூட்டி, 7-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கும். அந்த 4 ஏன்? வியாழனில் பிறந்த குழந்தையை ஞாயிற்றுக் கணக்குக்கு இழுத்து வருவதற்கான வண்டிக்கூலி. நம் கைபேசிகளில் பெரும்பாலானவை இந்த வம்சம்.

எக்செல்லின் ஜாதகம் விசித்திரமானது. அதன் முதல் நாள் 1900 ஜனவரி 1. அது உண்மையில் திங்கட்கிழமை. எக்செல்லைக் கேட்டால் ஞாயிறு என்கிறது. 1900 லீப் ஆண்டு அன்று. 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு. ஆனால் எக்செல்லுக்கு முந்தைய லோட்டஸ் 1-2-3 அதை லீப் என்று எண்ணிவிட்டது. பழைய கோப்புகள் கெடக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் அந்தப் பிழையைத் தெரிந்தே தத்தெடுத்தது. இல்லாத பிப்ரவரி 29 ஒன்றை நுழைத்ததால், அதற்கு முந்தைய நாட்களெல்லாம் ஒரு கிழமை பின்னே தள்ளப்பட்டன. பிழையால் ஒரு திங்களை ஞாயிறாக்கிய இச்செயலை ஞாயிற்றுக் கட்சியினர் தெய்வச் செயல் என்று சொல்லக்கூடும். லிப்ரே ஆபிஸ் பிழையைத் திருத்த வேண்டி 1899 டிசம்பர் 30-ஐச் சுழியமாக வைத்துக்கொண்டது. அது சனிக்கிழமை. ஏற்கெனவே தலைவலி போதாதென்று சனி வேறு பிடித்தது.

விண்டோஸ் தன் கோப்புகளுக்கு 1601 ஜனவரி 1-இலிருந்து நேரம் கணிக்கிறது, திங்கள். பழைய டாஸ், அதன் வழியில் பென்டிரைவ்கள், 1980 ஜனவரி 1-இலிருந்து, அது செவ்வாய். செவ்வாயோ வெறுவாயோ என்று நாம் ஒதுக்கி வைக்கும் நாளில் தொடங்கப்பட்ட கணக்கு என்பதால்தான் பென்டிரைவில் வைத்த கோப்பு வேண்டும்போது திறப்பதில்லை என்று கருத இடமுண்டு. டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ், வானியலாரைப் பின்பற்றி 1858 நவம்பர் 17-ஐப் பிடித்தது. அது புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், விஎம்எஸ்ஸுக்குக் கிடைத்தது.

எஞ்சிய வெள்ளி இந்த மண்ணுக்கு உரியது. கலியுகத்தின் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கம் கணிப்பவர் கலி தொடங்கி இன்றுவரை சென்ற நாட்களைக் கூட்டி, 7-ஆல் வகுத்து, மீதியை வெள்ளியிலிருந்து எண்ணுவார். யூனிக்ஸ் செய்வது அப்படியே இதுதான், வண்டிக்கூலி மட்டும் கிடையாது. சென்னையில் 1825-இல் வெளியான 'கால சங்கலித'த்தில் ஜான் வாரன் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை மனத்திலிருந்தே எடுத்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். நினைவகம் தலையில், செயலி விரலில், திரை தரையில். கிழமைப் பிழை எதுவும் அவர்மீது பதிவாகவில்லை.

ஆக ஏழு கிழமைக்கும் ஆதிநாள் என்று சொல்லிக்கொள்ள ஒரு கணக்கு உண்டு. தீர்ப்பு கேட்பார்க்கு நாம் வியாழனையே பரிந்துரைப்போம். யூனிக்ஸின் பிறந்தநாள் என்பது ஒரு காரணம். முதல் வாரம் எது என்பதை ஐஎஸ்ஓவே வியாழனைக் கேட்டுத்தான் முடிவுசெய்கிறது என்பது இன்னொன்று. இவற்றைவிடப் பெரிய காரணம் கட்டத்தில் இருக்கிறது. வியாழனை இடது ஓரத்தில் வைத்தால் ஞாயிறு சரியாக நட்டநடுவில் வந்து உட்காரும், இப்பக்கம் மூன்று நாள், அப்பக்கம் மூன்று நாள். ஞாயிறு முதலும் அன்று, கடைசியும் அன்று; இரு கட்சியாரும் சமமாக ஏமாறுவார்கள்.

ஐபோனின் காலண்டர் அமைப்பில் ஏழு கிழமைகளும் தரப்பட்டிருப்பதால், இதை இன்றே செய்து பார்க்கலாம். கூகுள் தரும் மூன்றில் வியாழன் இல்லை. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி ஆயத்தமாக இருக்கிறது. வியாழக்கிழமைதான் அனுப்புவது முறை என்பதால், பகல் 1.30-இலிருந்து 3 மணிவரை ராகு காலம் கழியக் காத்திருக்கிறோம்.