மாவிலையும் பனையோலையும்: வாசகர் கேள்வி-பதில்

பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வருகிறார்கள். கடைத் தோரணம் வாங்காமல் வாசலை எப்படி அலங்கரிப்பது?
– ஒரு வாசகி, நெற்குப்பை

பிள்ளைகளிடமே வேலையைக் கொடுத்துவிடுங்கள் ஆச்சி. போகிக்கு மறுநாள் விடியும்முன் தோரணம் தொங்கிவிடும், போனும் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும்! மாவிலை பறிக்கும்போது தளிரை விட்டுவிடச் சொல்லுங்கள். அது பொழுதுக்குள் துவண்டுவிடும். முற்றிப் பழுத்தது மடித்தால் முறியும். கரும்பச்சை இலைதான் சரி. காம்புப் பக்கத்தைச் சணல் கயிற்றின்மேல் மடித்து, ஒடித்த ஈர்க்கைக் குத்தி நிறுத்தினால் போதும், ஊசியும் நூலும் வேண்டியதில்லை. நடுநடுவே ஆவாரம்பூவும் சிறுபீளையும் செருகலாம். பிள்ளையார் நோன்புக்கு ஆவாரம்பூ பறித்த இடம் உங்களுக்குத் தெரியாததா? ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பர்மா தேக்கு நிலையில் ஆணி அடிக்க விடாதீர்கள். கயிற்றை முகப்புத் தூண்களில் கட்டுங்கள்.

குருத்தோலைத் தோரணத்துக்கு எங்கள் வீட்டுத் தென்னையிலேயே வெட்டலாமா?

தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. கத்தி ஆழமாக இறங்கினால் மரமே போய்விடும். பழகிய மரமேறி விரியாத ஓலையின் மேல்பகுதியை மட்டும் எடுப்பார். அப்போதும் நன்றாகக் காய்க்கிற மரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். நானாக இருந்தால் பனையோலைக்குப் போவேன். காய்ந்தாலும் வடிவம் கலையாது, அடுத்த பண்டிகைக்கும் ஆகும். நம் ஆச்சிமார் கொட்டான் கூடை பின்னியது அந்த ஓலையில்தானே! வழக்கொழிய இருந்த அந்தக் கைவேலையை எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை மீட்டெடுத்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. உங்கள் பக்கம் பின்னத் தெரிந்த பெண்கள் இருப்பார்கள். ஒரு மதியம் அவர்களைக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பிளாஸ்டிக் தோரணம் பல வருஷம் உழைக்குமே?

உழைக்கும். பிறகு கண்மாயில் மிதக்கும். வாழையும் கரும்புத் தோகையும் மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கே போய்விடும், மாவிலை எருக்குழிக்குப் போகும். குப்பை வண்டிக்கு மிச்சமில்லை.

குருவிகளுக்கும் பொங்கல் உண்டா?

கட்டாயம் உண்டு. மஞ்சளாகத் திரும்பிய நெற்கதிரைத் தாளோடு அறுங்கள். இன்னும் விட்டால் நெல் உதிரும். நிழலில் உலர்த்தி, தாளைச் சடைபோலப் பின்னி, கதிர் கீழே தொங்கும்படி முகப்பில் கட்டுங்கள். தூணிலிருந்து எட்டத் தள்ளிக் கட்டுங்கள், பூனை தாவும்.