மூச்சுத் திணறும் ரோட்டரி

கே: அமெரிக்காவில் சிலர் மாஸ்டா காரின் ரோட்டரி இன்ஜினைக் கழற்றி, வீட்டில் கட்டிய விமானத்தில் மாட்டுகிறார்களாமே? முழு த்ராட்டில் கொடுத்தும் சக்தி வராவிட்டால் எங்கே தேடுவார்கள்?

ப: 13பி என்ற அந்த இன்ஜினில் இரண்டே ரோட்டர், மொத்தம் 1,308 சி.சி. வால்வே கிடையாது. எனவே, பழியை வால்வு மேல் போட்டுத் தப்பிக்க வழியில்லை!

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, லீவரை முழுக்கத் தள்ளி, த்ராட்டில் தகடு முழுசாகத் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பாதி வழக்கு கேபிளிலேயே தீர்ந்துவிடும். அடுத்த சாட்சி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு பிரஷர் கேஜ். கடல் மட்டத்தில் இன்ஜின் நிற்கும்போது அது ஏறக்குறைய 30 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். முழு த்ராட்டிலில் 25-க்கு இறங்கினால், வழியில் யாரோ கழுத்தைப் பிடிக்கிறார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, தரையிலேயே மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். முள் ஏறினால் குற்றவாளி ஃபில்டர்தான்.

ஏறாவிட்டால் காற்று வரும் ரப்பர் குழாயைச் சந்தேகிக்கலாம். பலே கள்ளன் அது. ஓடும்போது உறிஞ்சலில் சப்பையாகிவிடும். அணைத்துவிட்டுப் பார்த்தால் உருண்டையாக நிற்கும்.

கேஜ் சரியாகவே காட்டுகிறதா? அப்படியானால் இன்ஜின் மூடிக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கிறதா என்று பாருங்கள். சுமார் 3 டிகிரி செல்சியஸ் கூடினாலே காற்றின் அடர்த்தி 1 சதவீதம் குறையும். அதுவும் இல்லையென்றால், காற்றை விடுதலை செய்துவிட்டு பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் விசாரியுங்கள்.

சோதனையின்போது விமானத்தைக் கட்டிப்போட மறக்காதீர்கள். ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் போகவே கூடாது.